ரசமட்டத்தின் குமிழி

அன்புள்ள தம்பி,

கோடையில் நீ என் வாசல் திண்ணைக்கு அடித்துக் கொடுத்த கைப்பிடிச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். நீ குடியை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. எல்லோர் முன்னாலும் நான் கேட்டேன்: "என்னடா லோர்ன், பாம்பு மாதிரி வளைஞ்சிருக்கு? மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

நீ மட்டம் பார்க்கும் உன் ரசமட்டத்தை அதன்மேல் வைத்தாய். "பாருக்கா, குமிழி நடுவுலதான் நிக்குது."

"உன் ரசமட்டமும் உன்னை மாதிரிதான்," என்றேன். ரசமட்டத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாய், அப்புறம் நீ வரவே இல்லை.

போன மாதம் வினிபெக்கில் கண் மருத்துவர் கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார்.

"கோணலா அச்சடிச்சிருக்காங்களே!" என்றேன்.

"கோடெல்லாம் நேராத்தான் இருக்கு, டீச்சர்."

முப்பது வருடம் வடிவியல் நடத்தியவளிடம் சொல்கிறார். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருக்கிறதாம். ஊசி போடுகிறார்கள். போன பார்வை திரும்புவது கடினம், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். என் எழுத்து இவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான்.

இது குடும்பத்தில் வரக்கூடியது. அதே மாதிரித் தாள் ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பார். கோடு வளைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போ, தச்சனைத் திட்டாதே.

ரசமட்டம் இன்னும் சட்டத்தின்மேல்தான் கிடக்கிறது. காலையில் பனியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். குமிழி எங்கே நிற்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. நீ வந்து சொல்.

உன் அக்கா