பன்னிரண்டாம் மாடிப் பெரணி

மார்ச் 2, திங்கள்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன் என்பது ஞாபகமில்லை. ஆனால் சொன்னேன். அக்கா மகள் பாப்பா கல்லூரியில் மாலை நேரத் தாவரவியல் வகுப்பு எடுக்கிறாள். வகுப்பில் ஆள் குறையும், கடைசியில் இந்த மாமாவைத்தான் தேடி வருவாள் என்று எனக்குத் தெரியும். இன்று வந்தாள்.

"மாமா, எட்டுப் பேர் இருந்தாதான் வகுப்பு நடத்த விடுவாங்க. ஏழு பேர்தான் இருக்காங்க. மூடிட்டா என் வேலையும் போயிடும். நீங்க பேர் குடுத்துட்டு சும்மா வந்து உக்காருங்க, போதும்."

"சும்மா உக்காரவா? நானா?" என்றேன். ஊரில் உள்ள மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளையெல்லாம் கழுவுகிறவன் நான். பாசியைப் பற்றி எனக்குத் தெரியாதது பாசிக்கே தெரியாது.

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "ஊர்த் தொட்டியெல்லாம் கழுவத் தெரியும். நம்ம பின்பக்கம் குழாய் ஒழுகுது, அதப் பாக்க மட்டும் நேரமிருக்காது."

படிக்கப் போகிறவனைப் பார்த்தால் சிலருக்கு வயிறு எரியும்.

மார்ச் 5, வியாழன்

முதல் வகுப்பு. வெறுங்கையோடு போவேனா? இன்று கழுவிய தொட்டியிலிருந்து ஒரு புட்டி பச்சை வழும்பை எடுத்துப் போனேன். வகுப்பே எழுந்து நின்றது. (பக்கத்து இருக்கை பேக்கரிக்காரர் மட்டும், நாற்றம் தாங்காமல்.)

பாப்பா அதில் ஒரு நூலைக் கிள்ளி, கண்ணாடித் துண்டில் வைத்து, நுண்ணோக்கியைத் திருகி, "பாருங்க மாமா" என்றாள்.

பார்த்தேன்.

என்ன எழுதுவது? தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய். உள்ளே பச்சை ரிப்பன் ஒன்று சுருள் சுருளாக, யாரோ உட்கார்ந்து நிதானமாகச் சுற்றியதுபோல. ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை. குழாய்க்குள் அங்கங்கே குறுக்குத் தடுப்பு, ஒவ்வொரு அறையிலும் அதே ரிப்பன். ஸ்பைரோகைராவாம்.

இதையா நான் இத்தனை வருடமாக பிரஷ் போட்டுத் தேய்த்துச் சாக்கடையில் ஊற்றினேன்? வாளி வாளியாக?

"ஏன் மாமா கண்ணத் துடைக்கிறீங்க?" என்றாள். "தூசி விழுந்துடுச்சு" என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

இன்று தொட்டிக்குள் இறங்கியதும் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு கழுவினேன். குடிக்கிற தண்ணீர் அல்லவா.

மார்ச் 12, வியாழன்

எனக்கு இதுவரை பச்சையாக வழுக்கினால் பாசி, அவ்வளவுதான். பாப்பா அதைப் பிரித்துப் போட்டுவிட்டாள். சுவரில் வெல்வெட் மாதிரி இருப்பது மாஸ். அதற்குக் குட்டித் தண்டும் குட்டி இலையும் உண்டு. தரையோடு தரையாகத் தடித்து, இரண்டிரண்டாகக் கிளை பிரிந்து படர்வது லிவர்வொர்ட். அப்புறம் பெரணி, அதாவது ஃபெர்ன்.

பெரணி இலையைத் திருப்பினால் அடியில் பழுப்புப் புள்ளிகள். "நோய் புடிச்சிருக்கு, சுரண்டிடவா?" என்று நகத்தை நீட்டினேன். பாப்பா என் கையைத் தட்டிவிட்டாள். அந்தப் புள்ளிகளுக்குள் தூள் இருக்கிறதாம். தூள் ஈரத்தில் விழுந்தால் முளைப்பது பெரணி இல்லையாம்! விரல் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவில், ஒற்றை இலை மாதிரி வேறொன்று. அதன் பெயர் புரோதாலஸ். அதன் அடியில் ஆணும் பெண்ணும். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஆண் அணு நீந்திப் போய்ச் சேர்ந்தால்தான் மறுபடி பெரணி பிறக்கும்.

பிள்ளை அப்பனைப் போல இருக்காது, பேரன் தாத்தாவை அப்படியே உரித்து வைத்திருப்பான். நகத்தளவு இலைக்கடியில் இவ்வளவு குடும்பக் கதையா! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

மாதக் கடைசியில் தேர்வு. மேசையில் செடிகளை வரிசையாக வைப்பார்கள், எந்தப் பிரிவு என்று நாங்கள் எழுத வேண்டும். துறைத்தலைவர் நேரில் வந்து பார்ப்பார். மேசை அவருக்குத் திருப்தியாக இருந்தால்தான் வகுப்பு தொடரும்.

மார்ச் 19, வியாழன்

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின், பாப்பாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஆய்வகத்தையே கழுவினேன். ஜன்னலோரம் கண்ணாடித் தட்டுகளில் பச்சைப் பசேலென்று அழுக்கு. தேய்த்த தேய்ப்பில் முகம் பார்க்கலாம். அப்படி ஒரு பளபளப்பு அந்தக் கல்லூரி கண்டதில்லை.

பாப்பா உள்ளே வந்தாள். தட்டுகளைப் பார்த்தாள்.

"மாமா... அது அழுக்கு இல்ல. அதான் புரோதாலஸ். ரெண்டு மாசமா தூள் தூவி வளத்தேன்."

திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ஏதாவது மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று. நான் கழுவினால் மிச்சம் இருக்குமா? இருக்காதே! என்னடா பண்ணி வச்சிருக்க? பாக்கத் தெரியாத கண்ணு, தேய்க்க மட்டும் தெரிஞ்ச கை...

"விடுங்க மாமா. அது இல்லாமலே மேசை போடுறேன்" என்றாள். அது இல்லாமல் எப்படி? அதுதானே கதையே.

மார்ச் 22, ஞாயிறு

ஊரில் எந்தச் சுவர் எங்கே கசிகிறது என்று எனக்குத் தெரியாதா? பாப்பாவின் லென்ஸை வாங்கிக்கொண்டு புரோதாலஸ் தேடிக் கிளம்பினேன். மருத்துவமனைப் பின்சுவர்: மாஸ். அச்சகத்துச் சாக்கடையோரம்: கிளை பிரிந்திருந்தது, லிவர்வொர்ட். பள்ளிக்கூடத் தொட்டியடி: வெறும் வழும்பு. சுவரோடு முகத்தை வைத்து நிற்கிறேன், போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போகிறார்கள். போன மாதம்வரை இது மூன்றும் எனக்கு ஒன்று. இப்போது ஒவ்வொன்றும் ஒரு முகமாகத் தெரிகிறது.

மார்ச் 24, செவ்வாய்

கிடைத்துவிட்டது!

பன்னிரண்டு மாடிக் கட்டிடம். உச்சித் தொட்டிக்கு வெளிப்பக்கம், கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். காற்று ஆளைத் தூக்குகிறது. கீழே காவலாளி, "வேணாண்ணே, வந்துடுங்க" என்று கத்துகிறான். தலைக்கு மேல் பருந்து வட்டம் போடுகிறது. ஒரு கையால் கயிறு, ஒரு கையால் லென்ஸ்.

ஈரச் செங்கல்லில் ஒரு பச்சை இதயம். அதன் பக்கத்தில் இன்னும் ஏழெட்டு. அத்தனை மெல்லிசு, பின்னால் இருக்கும் செங்கல் அதனூடே சிவப்பாகத் தெரிந்தது. கிளை இல்லை, தடிப்பு இல்லை. இருந்தும் லிவர்வொர்ட் குட்டியோ என்று சந்தேகம். பிறகு ஒன்றைப் பார்த்தேன். இதயத்தின் பள்ளத்திலிருந்து நூல் மாதிரி ஒரு காம்பு, அதன் நுனியில் ஓர் இலை. எள் அளவு. பெரணி! பேரன் பிறந்துவிட்டான்.

மூச்சு பட்டால் கலைந்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு விட்டேன். பேரனை அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த இதயம் ஒன்றை மட்டும் செங்கல் துணுக்கோடு பெயர்த்துப் பாப்பாவுக்கு எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 27, வெள்ளி

தேர்வு முடிந்தது. பேக்கரிக்காரர் ஸ்பைரோகைராவை "பூக்கும் தாவரம்" என்று எழுதினார். நான் எழுதியது அநேகமாக எல்லாமே சரி. பைன் கூம்பில் மட்டும் கொஞ்சம் கற்பனை கலந்துவிட்டது.

துறைத்தலைவர் அந்த இதயத்தின் முன்னால் வெகுநேரம் குனிந்திருந்தார். "இது வளர்த்தது இல்லையே. எங்க கிடைச்சது?" என்றார். பாப்பா என்னைக் காட்டினாள். நான் விடுவேனா? கயிறு, காற்று, பருந்து எல்லாம் சொன்னேன்.

"அவ்வளவு உயரத்துல, அந்த வெயில்லயா? ஆச்சரியமா இருக்கே!" என்றவர், பாப்பாவைப் பார்த்து, "திங்கக்கிழமை போய்ப் பாத்துடலாம்மா. எடுத்த இடத்த லேபிள்ல எழுதி, கீழ உங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. துறையிலயே வச்சுக்கலாம்" என்றார்.

பாப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். லேபிளை எழுதவும் ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும், துடைத்த மேசையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து அவளுடையதாயிற்றே.

மார்ச் 28, சனி

காலையிலேயே பாப்பா வீட்டுக்குப் போனேன். ஐந்து நிமிடம் பேசினேன். அவள் முதலில் முறைத்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லேபிளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள்.

மார்ச் 30, திங்கள்

இன்று எட்டு மாணவர்களும் பாப்பாவும் துறைத்தலைவரும் என் வீட்டுப் பின்பக்கம். இடம் பற்றாமல் பேக்கரிக்காரர் துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி நின்றார். துறைத்தலைவர் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். கால்சட்டை நனைந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. லென்ஸ் கைமாறிக்கொண்டே போனது. குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

கடைசியில் எழுந்து, "அம்மா, இந்தக் குழாய மட்டும் சரிபண்ணிடாதீங்க" என்று என் மனைவியிடம் சொன்னார். பாப்பாவிடம், "அடுத்த வகுப்புக்கும் இங்கயே கூட்டிட்டு வாங்க" என்றார். அடுத்த வகுப்பு! காதில் விழுந்ததா என்று பாப்பாவைப் பார்த்தேன். விழுந்திருந்தது.

"இதுக்காகத்தான் ஒரு வருஷமா குழாயத் தொடாம வச்சிருந்தேன்" என்றேன். மனைவி பார்த்த பார்வையை எழுத இந்தப் பக்கம் போதாது.

எல்லோரும் போனபின் நானும் அவளும் லென்ஸை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம். "இது இத்தன நாளா இங்கயேவா இருந்துச்சு?" என்று கேட்டாள். அந்த எள் அளவு இலை இப்போது இரண்டாகியிருக்கிறது.

ஆகவே, செவ்வாய்க்கிழமை எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். பன்னிரண்டாம் மாடி இல்லை, கயிறும் இல்லை. வாளியை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். பருந்தும் பொய். காக்கா ஒன்று இருந்தது.