முழுவதும் கரைக்கே

ஆரணி,
11-2-1973

அன்புள்ள அரசப்பனுக்கு,

உன் மகன் முனுசாமி நேற்றுக் கொண்டுவந்து கொடுத்த மடவை மீன் கிடைத்தது. வீட்டில் தாயாரம்மாள் புளி போட்டு அலசி அலசிப் பார்த்தாள். குழம்பில் எண்ணெய் வாடை போகவில்லை. "உங்க சினேகிதர் அனுப்பினது, நீங்களே சாப்பிடுங்க" என்று துண்டுகளை எல்லாம் என் தட்டிலேயே வைத்துவிட்டாள். சாப்பிட்டேன். குப்பத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வில் வந்த பிறகும் கோயில் வாசல் பானையில் என் பேருக்கு ஒரு சீட்டுப் போட்டு, ஏரியில் அந்தச் சீட்டுக்கு விழுகிற வலை வைக்கும் இடத்தில் முதல் நாள் அகப்படுகிற மீனைக் குப்பத்தார் எனக்கு அனுப்புகிறீர்கள். அதை எப்படி வேண்டாம் என்பேன்?

எழுத வந்த சேதி வேறு. புயலில் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் தரைதட்டி, ஏரிக்குள் எண்ணெயைக் கொட்டியதே ஒரு கப்பல், அதன் முதலாளிக்குப் பெரிய அபராதம் விதித்திருக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். ஒரு பையன் இன்னொருவன் பலகையில் மையைக் கொட்டினால் நான் அவனைப் பெஞ்சின்மேல் நிற்க வைப்பேன். அதனால் பலகை சுத்தமாகிவிடாது; யாராவது துடைக்க வேண்டும். அந்தப் பணம் துடைப்பதற்குப் போகுமா, வேறெங்காவது போய்விடுமா என்பதே என் கவலை. குப்பத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள், எழுது.

அன்புடன்,
துளசிராமன்

*

மேட்டுக்குப்பம்,
20-2-1973

வாத்தியாருக்கு அரசப்பன் கும்பிடு.

மீன் நாறிச்சின்னு எழுதினீங்க. இங்க நாங்க அதைத்தான் தினம் துன்னுக்கினு கீறோம். பழவேற்காடு மார்க்கெட்ல நம்ம கூடையைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கினு தள்ளிப் போறாங்க. கரை ஓரத்துல கண்டல் செடிங்க எல்லாம் கருகிப்போச்சி. அதுங்க வேர்லதான் இறால் குஞ்சி தங்கும். அந்த எடமே இப்ப தார் பூசின மாதிரி கீது.

போன வாரம் ஆபீசருங்க ஜீப்புல வந்தாங்க. "எந்த எடம் கெட்டுப்போச்சி, அது யாரோடது, பேரைச் சொல்லு"ன்னாங்க. யாரோடதும் இல்லீங்க, வருசா வருசம் சீட்டுப் போடுவோம், எவனுக்கு எந்தப் பாடு விழுதோ அந்த வருசம் அங்க அவன் வலை வைப்பான், அடுத்த வருசம் வேற ஒருத்தன்னு சொன்னேன். அவரு பக்கத்துல இருந்தவரைப் பாத்துச் சிரிச்சாரு. ஒண்ணும் எழுதிக்கல.

ஊர்ல ரெண்டு பேச்சு. டப்பு வந்தா ஊட்டுக்கு ஒரு பங்குன்னு பிரிச்சிக்கலாம்னு பாதிப் பேரு. கங்கம்மாதான் ரொம்பக் கத்துது. அது புருசன் வலை எண்ணெய்ல ஊறி வீணாப்போச்சி, கத்தாம இன்னா பண்ணும்? எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்க ஒரு தபா வந்து பேசிட்டுப் போங்க.

இப்படிக்கு,
அரசப்பன்

*

ஆரணி,
6-3-1973

அன்புள்ள அரசப்பனுக்கு,

குப்பத்தில் கூட்டம் முடிந்து கிளம்பியவன், பஸ்ஸில் இடம் கிடைத்து இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். செல்வி கட்டிக்கொடுத்த சோற்றை வழியிலேயே முடித்துவிட்டேன். உன் மருமகளிடம் சொல்.

கங்கம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வாத்தியாருக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது, அவரு கரையைப் பத்திப் பேசுவாரு." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனாலும் நம் பள்ளிக்கூடக் கூரை விழுந்த வருடத்தை அவளுக்கு நினைவுபடுத்தியது நல்லதாயிற்று. அன்று வந்த பணத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் ஆளுக்கு இரண்டு ஓடு வந்திருக்கும். தலைக்கு மேலே கூரை இருந்திருக்காது. அதைச் சொன்ன பிறகுதான் பங்குப் பேச்சை விட்டார்கள். கடைசியில் மனுவில் அவளே முதல் ஆளாக வந்து கைநாட்டு வைத்தாளே, எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

மனுவை இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். "மேற்படி நீர்ப்பரப்பும் கரையும் தனிப்பட்ட எவருக்கும் உரியதன்று. ஆகையால் அபராதத் தொகையை எவருக்கும் பங்கிடாமல், முழுவதும் கரையைக் காக்கவும் கண்டல் செடிகளை மீண்டும் வளர்க்கவும் செலவிட வேண்டுகிறோம்." இவ்வளவுதான். "நாங்க சீட்டுப் போட்டு முறை வச்சிப் பிடிக்கிற எடம்னு ஒரு வரி சேருங்க" என்று நீ கேட்டாய். படகுவரை வந்து இன்னொரு முறையும் கேட்டாய். அதிகாரிகள் நீளமான மனுவைப் படிக்க மாட்டார்கள் அப்பா. கட்டுரையில் கேட்டதற்கு மேல் எழுதினால் நானே சிவப்பு மையால் அடிப்பேன். அதனால்தான் சேர்க்கவில்லை. வருத்தம் வேண்டாம்.

அன்புடன்,
துளசிராமன்

*

ஆரணி,
18-9-1974

அன்புள்ள அரசப்பனுக்கு,

பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் எங்கள் தெருவில் சைக்கிளை நிறுத்தாமலே போகிறார். வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நல்ல சேதி. அபராதப் பணத்தை வேறு எதற்கும் எடுக்காமல் அந்தக் கரைக்கென்றே ஒதுக்கி உத்தரவு போட்டுவிட்டார்கள். கண்டல் நாற்று, வேலி, காவல் எல்லாம் அதில் அடக்கம். கும்மிடிப்பூண்டி பக்கம் தொழிற்சாலைகளுக்குச் சாலை போட அந்தப் பணத்தைக் கேட்டவர்களும் உண்டாம். நம் மனுதான் நின்றது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். தாயாரம்மாளிடம் உத்தரவின் நகலைப் படித்துக் காட்டினேன். "உங்களுக்குப் பேத்தி பொறந்தப்பகூட இப்படிச் சிரிக்கலை" என்றாள்.

முழங்கால் வலியால் உடனே கிளம்பி வர முடியவில்லை. நாற்று நட்டதும் எவ்வளவு உயரம் வருகிறது என்று எழுது. முனுசாமியின் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது அந்த ஓரத்தில் இறால் கொழிக்கும். நீ பார்த்துக்கொண்டே இரு.

அன்புடன்,
துளசிராமன்

*

மேட்டுக்குப்பம்,
9-2-1975

வாத்தியாருக்கு அரசப்பன் கும்பிடு.

பதில் போடலைன்னு கோச்சிக்காதீங்க. பேனாவை எடுப்பேன், அப்புறம் வச்சிடுவேன். உங்களுக்கு இன்னான்னு எழுதறது?

செடி நல்லா வருது. பொய் சொல்லக் கூடாது. முழங்கால் உயரம் வந்துடுச்சி. தண்ணியில எண்ணெய் மினுக்கும் போயிடுச்சி. இறால் குஞ்சி சேருது, வேலிக்கு வெளிய நின்னே பாக்கறோம்.

வேலி கரையோட நிக்கலை. சேத்துல எறங்கி, இடுப்பளவு தண்ணி வரைக்கும் முள்ளுக்கம்பி. நம்ம பாடுங்கள்ள நல்ல பாடெல்லாம் உள்ள போயிடுச்சி. உள்ள யாரும் போகக் கூடாதுன்னு போர்டு. வாச்சுமேன் தடா ஊருப் பக்கத்து ஆளு, மரியாதையாத்தான் பேசறான். "நைனா, உள்ள போவாத, என் வேலை போயிடும்"ன்றான். அவன்கிட்ட சண்டை போட்டு இன்னா ஆவப்போகுது?

ஆபீசுக்கு நானும் கங்கம்மாவும் போனோம். அந்த ஆபீசரு மனுவை எடுத்து எங்க முன்னால வச்சாரு. "தனிப்பட்ட எவருக்கும் உரியதன்றுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கிறீங்க. இப்ப எங்க எடம்னு வந்து கேட்டா நான் இன்னா பண்றது?" அடியில என் கையெழுத்து. அதுக்குப் பக்கத்துல கங்கம்மா கைநாட்டு. அது பஸ்ஸுல ஊடு வர்ற வரைக்கும் கட்டைவிரலைப் பாத்துக்கினே வந்துச்சி.

நீங்க கெட்டது நெனைக்கலை. எனக்குத் தெரியும். மனு சின்னதா இருக்கணும்னீங்க. சின்னதாத்தான் இருந்துச்சி.

முனுசாமி கும்மிடிப்பூண்டில இரும்பு கம்பெனியில லோடு தூக்கப் போறான். செல்வியும் கூடப் போயிட்டா. படகு கவுத்து வச்சது வச்சபடி கெடக்குது.

முந்தாநாள் சீட்டுப் போட்டோம். வேலிக்கு வெளிய மிச்சம் கீற பாடுங்களை மட்டும் போடலாம்னு சில பேரு சொன்னாங்க. பெரியவங்க கேக்கலை. எந்தப் பாட்டையும் பானையிலேருந்து எடுத்த வழக்கம் இல்லை, இருக்கறதெல்லாம் போடுங்கன்னுட்டாங்க. மொதல்ல உங்க பேருதான் வந்துச்சி. கண்டல் ஓரத்துப் பாடு. உள்ளதுலயே நல்லது. வேலிக்குள்ள கீது.

வாத்தியாருக்கு மட்டும் மாத்தி எடுக்கலாம், அவருக்கு மீன் அனுப்பணும்னு நான்தான் கேட்டேன். கங்கம்மா எந்திரிச்சி நின்னுது. கோவமாக்கூடச் சொல்லலை.

"விழுந்தது விழுந்ததுதான். மீனே இல்லாத வெறும் பாடு விழுந்தப்ப நம்ம ஆம்பளைங்க யாராவது மாத்திக் கேட்டாங்களா? அவரும் நம்ம ஊரு ஆளுன்னுதானே பேரு போடறோம். அவருக்கும் அதுதான்."

அடுத்த சீட்டை எடுத்துட்டாங்க.

இந்த வருசம் மீன் வராது. வாத்தியாரம்மாகிட்ட சொல்லிடுங்க. பாவம், புளியைக் கரைச்சி வச்சிக்கினு காத்துக்கினு இருக்கப் போறாங்க.

இப்படிக்கு,
அரசப்பன்