பத்து மணி நேர ஓய்வு

என்னங்க,

சோறு குக்கரில் இருக்கிறது. குழம்பைச் சுட வைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், அடிப்பிடித்துவிடும். ஒன்பது மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவரை அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.

நான் லாரி லைசென்ஸ் எழுத்துப் பரீட்சைக்குப் போகிறேன். ஆமாம், அதேதான். போன தடவை வந்தபோது நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தீர்களே, "ஸ்கூட்டரையே நேரா நிறுத்தத் தெரியல, உனக்கு லாரி கேக்குதா?" என்று. நீங்கள் கிளம்பிய பிறகு சமையலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து படித்தேன். கேள்வியும் நானே, பதிலும் நானே. இன்றைக்கு அந்தச் சுவர் பரீட்சை எழுதினால்கூட ஏர் பிரேக் பாடத்தில் பாஸாகிவிடும்.

லாரி மேல் எனக்கொன்றும் ஆசை இல்லை. இரண்டு பேரும் உங்கள் லாரியை மாற்றி மாற்றி ஓட்டினால் உங்கள் பக்கத்து சீட்டாவது கிடைக்குமே என்றுதான்.

பி.கு: மேஜையில் பரீட்சைப் புத்தகம் இருக்கிறது. நாற்பத்திரண்டாம் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஓட்டிய டிரைவர் பத்து மணி நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் மறுபடி வண்டியில் ஏறலாமாம். பதினோரு வருஷமாக, "அஞ்சு மணி நேரந்தாம்மா ரூல்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினீர்கள். நானும் நம்பி, சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று கேட்கப்போவதில்லை. காலை எட்டுக்கு நீங்கள் வருவீர்கள். நான் மதியம் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவேன். ரூல்படி அப்போதும் நீங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.