உன் பெயரில் மாட்டிய மயில்கள்

என் எஸ்தருக்கு,

அன்பாகத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். முடியவில்லை. நேற்று உன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து கோபம் அடங்கவில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்த காலத்தில் பாகாலா ஜங்ஷனில் யாரிடமாவது சண்டை போட்டால், அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உன்னிடம் கொட்டுவேன். நீயும் காதில் வாங்காமல் நூல் கோத்துக்கொண்டிருப்பாய். கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். இப்போது நீ இல்லை, எங்கே போய்க் கொட்டுவது? அதனால் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும்.

போன வாரம் உன் ஹெச்.எம். வீட்டுக்கு வந்தார். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "சார், மேடம் பேர்ல ஒரு எக்ஸிபிஷன் வெக்கிறோம். எய்த் கிளாஸ் பிள்ளைங்க மேடம்கிட்ட தெச்ச துணிங்கதான். பெஸ்ட் துணிக்கு மேடம் பேர்ல ப்ரைஸ், இனிமே வருசா வருசம். நீங்கதான் சார் வந்து குடுக்கணும்" என்றார். நகரியில் ஆரம்பித்து, குப்பத்தில் கொஞ்ச காலம், அப்புறம் இந்தச் சித்தூரில் தலை நரைக்கும் வரை, ஓவியமும் துணி வேலையும் சொல்லிக்கொடுத்தாயே, கடைசியில் ஒருவருக்காவது உறைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். உனக்குப் பிடித்த அந்த நீலச் சட்டையை நானே இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் யாரோ ஒரு சிவப்பான அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே உன் பெயர் இருந்ததால்தான் அது நீ என்று தெரிந்தது. உன்னை வெளுத்திருக்கிறார்கள், எஸ்தர். மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மருவைக்கூடத் துடைத்துவிட்டார்கள்.

பிள்ளைகள் மனிதரை வரையும்போது "டீச்சர், ஸ்கின் கலர் குடுங்க" என்று அந்த வெளிர் ரோஸ் கிரேயானைக் கேட்பார்கள் என்று சொல்வாயே. "யாரு ஸ்கின்னு?" என்று நீ கேட்பாய். கையைக் காகிதத்தின் மேல் வைக்கச் சொல்லி, அவரவர் நிறத்தை அவரவரையே கலக்கச் சொல்வாய். ஒரு வகுப்பு முழுக்க அதிலேயே போய்விடும். அப்படிப்பட்டவளுடைய படத்துக்கு வெள்ளையடித்து வாசலில் நிறுத்த எப்படி மனது வந்தது? அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். மாலை போட ஆள் வந்துவிட்டார்கள், உள்ளே போனேன்.

ஹாலில் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட கண்ணாடி. கண்ணாடிக்குள் துணி. அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. உன் கண்காட்சியில் எப்போது கண்ணாடி இருந்தது? இந்தக் கோடி சன்னலுக்கும் அந்தக் கோடி சன்னலுக்கும் கயிறு கட்டி, ஹாலுக்கு நடுவில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாய், வீட்டில் துணி காயப்போடுகிற மாதிரி. வருகிறவர்கள் சுற்றி வந்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நீயும் பின்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் முன்பக்கத்துக்கு வருவாய். "முன்னாடி பாத்தா துணிதான் தெரியும். பின்னாடி பாத்தாதான் பிள்ளை எங்க முழிச்சிது, எங்க நூல் தீந்துபோச்சி, எங்க அழுதுச்சின்னு தெரியும்" என்பாய்.

அந்தச் சட்டங்களில் எல்லாமே மயில். ஒன்றிரண்டு தாமரை, மீதி மயில். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பிள்ளையின் பெயர். ஒரு மயிலைப் பார்த்தேன், அடுத்த மயிலைப் பார்த்தேன். அதே கழுத்து, அதே கண், கண்ணுக்குள் அதே புள்ளி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே மயிலைக் கனவு கண்டார்களா?

ஒரு சட்டத்தைக் கழற்றினேன். ஹெச்.எம். ஓடி வந்து, "சார், சார், பர்வாலேது, பரவால்ல, அப்புறம் நிதானமா பாத்துக்கலாம்" என்று கையைப் பிடித்தார். கையை உதறிவிட்டு, வீட்டுச் சாவியால் பின்னாலிருந்த டேப்பைக் கிழித்தேன். பின்பக்கம் முழுக்க ஒரே வெள்ளை நூல். மெஷின் ஊசி குத்திய காகிதம் ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு இது மெஷின் வேலை என்றுகூடவா தெரியாது?

"இன்னாது சார் இது?" என்று கேட்டேன்.

"மேடம் போனப்புறம் பிள்ளைங்க துணி எல்லாம் பாதியில நின்னுபோச்சி சார். பாதித் துணிய பேரண்ட்ஸுக்கு எப்பிடி காமிக்கிறது? அதான் திருப்பதியில ஒரு கடையில கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போட்டு வாங்கிக்கினு வந்தோம். மேடத்துக்கு மரியாதையா இருக்கணும்னுதான் சார்."

அந்த ஆள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே உனக்கு மரியாதை செய்வதாக நினைத்திருக்கிறார். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அயோக்கியனாக இருந்தால் நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருப்பேன். இத்தனை வருடம் நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது பக்கத்து அறையில் இருந்த மனிதருக்குத் துளியும் தெரியவில்லையே.

நகரியில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜில்லா கண்காட்சிக்குப் போகும் துணிகளை "நீங்களே ஒரு கை பாத்துக் குடுத்துடுங்கமா" என்று அங்கிருந்த பெரிய டீச்சரம்மா சொன்னதற்கு நீ மாட்டேன் என்றாய். எல்லாப் பள்ளியிலும் டீச்சர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்து அனுப்புவதுதான் வழக்கம். உன் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வருடமும் பரிசு வந்ததில்லை. பிள்ளை ஊசியோடு திண்டாடும்போது உனக்குக் கை பரபரக்கும். அதனால் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பாய். குளிருகிறதா என்று நான் கேலி செய்வேன். பிள்ளைகளின் துணியில் உன் கை பட்டதே இல்லை. உன் பெயரில் பரிசு வாங்கும் துணியிலோ, பிள்ளைகளின் கையே படவில்லை.

மேடையில் ஏற்றி உட்காரவைத்தார்கள். சால்வை போட்டார்கள். முதல் பரிசு என்று லாவண்யா என்ற பெண்ணைக் கூப்பிட்டார்கள். தமிழ்நாட்டு எல்லைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. கப்பை என் கையில் கொடுத்தார்கள். நான் நீட்டவில்லை. அவளும் கை நீட்டவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்:

"தாத்தா, அந்த மயிலு நான் தெச்சது இல்ல. பேரு மட்டுந்தான் என்துது."

"உன்துது எங்கமா?"

"இந்த மேடைக்கு அடியில, மூட்டையில கீது."

நீலச் சட்டையோடு மேடைக்கு அடியில் நுழைந்தேன், எஸ்தர். பழைய கொடிகள், போன வருட ஆண்டு விழாவுக்கு நீ வெட்டிய தெர்மாகோல் எழுத்துகள், அதற்குப் பின்னால் ஒரு சாக்கு மூட்டை. உள்ளே சுருட்டிச் சுருட்டி வைத்த துணிகள். லாவண்யா தன்னுடையதைத் தேடி எடுத்து விரித்தாள். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்கிற அவள் அம்மாவின் கைகள். ஒரு கை முடிந்திருந்தது, விரல் நுனியில் மாங்காய்ப்பால் பட்டு வெந்த இடத்தைக்கூடப் பழுப்பு நூலில் போட்டிருந்தாள். இன்னொரு கையில் மூன்று விரல்தான் இருந்தது. நாலாவது விரல் ஆரம்பிக்கிற இடத்தில் ஊசி அப்படியே குத்தி நின்றது, துருப்பிடித்து. துணியிலும் துருவின் கறை.

இன்னொன்றைப் பிரித்தேன். அதிலும் ஊசி. எல்லாவற்றிலும் ஊசி.

வகுப்பு முடிந்தால் ஊசி டப்பாவுக்குப் போக வேண்டும், துணியில் விட்டால் துருப்பிடிக்கும் என்று தொண்டை கிழியக் கத்துவாயே. நீ கத்துகிற ஒரே விஷயம் அதுதான். அன்றைக்கு நீ வகுப்பிலேயே நாற்காலியில் சாய்ந்துவிட்டாய். உன்னைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்கு ஓடினார்கள். நான் வந்து சேர்ந்தபோது நீ பேசவில்லை. பிள்ளைகள் டப்பாவைத் தேடவில்லை போலிருக்கிறது. இருந்ததை இருந்தபடி சுருட்டி வைத்துவிட்டு அழுதுகொண்டு போயிருக்கிறார்கள். நீ எந்த இடத்தில் நின்றுபோனாயோ, அந்த இடம் ஒவ்வொரு துணியிலும் இருக்கிறது. அதைத்தான் சாக்கில் கட்டி மேடைக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். அதன் மேல் நாற்காலி போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

மூட்டையோடு வெளியே வந்து மைக்கைப் பிடித்தேன். "இந்தப் பரிச நான் குடுக்கமாட்டேன். ஒண்ணு, எஸ்தர் பேர எடுத்துடுங்க. இல்ல, இந்தத் துணிங்கள கயித்துல மாட்டுங்க" என்றேன். ஹெச்.எம். மெதுவாக, "பாதியில நிக்கிறத எப்பிடி சார் மாட்றது?" என்றார்.

"அவளும் பாதியிலதானயா போனா."

சமோசா கொடுத்தார்கள், தொடவில்லை. சால்வையை மேசை மேல் வைத்துவிட்டு, மூட்டையை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. கணக்கு டீச்சர் "எஸ்தர், இன்னிக்கி உன் பீரியட குடுத்துடு, போர்ஷன் முடியல" என்று வந்து நிற்கும்போதெல்லாம் ஏன் கொடுத்தாய்? யார் யாரோ விருந்தாளியின் பெயரையெல்லாம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தெர்மாகோலில் வெட்டினாயே, எதற்கு? "பிள்ளைங்களுக்குப் புரிஞ்சா போதும், இன்னாங்க" என்பாய். போதவில்லையே. ஒருமுறையாவது அவர்களிடம் கத்தியிருந்தால், நீ செய்வது இன்னதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காதா? தெரிந்தும் இப்படித்தான் செய்திருப்பார்களா? எனக்குச் சொல்ல நீ இல்லை.

இன்று காலையில் ஹெச்.எம். போன் செய்தார். மயில்களை இறக்கிவிட்டாராம். கயிறு கட்டுவதைப் பற்றிக் கமிட்டியில் பேசிச் சொல்கிறேன் என்றார். அவர் பேசட்டும். நான் காத்திருக்கப்போவதில்லை. நம் காம்பவுண்டில் முருங்கை மரத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் கயிறு கட்டிவிட்டேன். துணிகளை அதில் மாட்டினால் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்.

கயிறு கட்டி முடிப்பதற்குள் லாவண்யாவும் அவள் தோழிகளும் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். துணியை முடிக்க வேண்டுமாம். முன்னறையில் பாய் விரித்தேன். உன் ஊசி டப்பாவை எடுத்து வைத்தேன். லாவண்யா அந்தத் துருப்பிடித்த ஊசியை இழுத்துப் பார்த்தாள். அது நகரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கொண்டா, நான் இழுக்கிறேன் என்று கையை நீட்டினேன்.

அவள் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "கை வெக்காதீங்க தாத்தா. டீச்சர் திட்டுவாங்க."

திட்டுவாங்க என்றாள், எஸ்தர். திட்டியிருப்பாங்க என்று சொல்லவில்லை. நான் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். அவளே ரொம்ப நேரம் போராடி அதை உருவினாள். கறை போகவில்லை. போக வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமைதோறும் இந்த வாசல் திறந்திருக்கும். எல்லாத் துணியும் முடிகிற வரைக்கும் பாய் விரிப்பேன், தண்ணீர் வைப்பேன், போகும்போது ஊசியெல்லாம் டப்பாவுக்கு வந்ததா என்று பார்ப்பேன். கணக்கு டீச்சர் வந்தால் கேட்டிலேயே நிறுத்துவேன். ஆனால் பிள்ளைகளின் துணியில் என் கை படாது. இது சத்தியம்.

கை இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோபம் ஆறாமல் நிற்கும்
உன் வீட்டுக்காரன்