ரோட்டில் இருபோகம்

அன்புள்ள அம்சத்துக்கு,

நான் யானை பலத்தோடு இருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

மாநிலத்து நகர ரோடுகளைத் தரம் பிரித்தெழுதும் என் மகா உத்தியோகத்தில் நேற்று ஒரு சின்னச் சங்கதி. பள்ளங்களில் வெண்ணாறே தேங்கிக் கிடந்ததா, வயல் பழக்கத்தில் ‘ஒருபோகம், இருபோகம்’ என்று எழுதிவிட்டேன்.

“என்னய்யா, ரோட்டுக் கணக்கு கேட்டா வயலுக்கு எழுதற அடங்கல் கணக்கை எழுதியிருக்கே?” என்று இன்ஜினீயர் குதித்தார்.

“நடவுக்குத் தோதான ரோடுங்க” என்றேன்.

எல்லாத் தெருவையும் மறுபடி பார்க்கச் சொல்லிவிட்டார். அதனால் வெள்ளிக்கிழமை குத்தகைப் பதிவு விசாரணைக்கு என்னால் வர முடியாது. நீயே தாசில்தார் முன்னால் நின்று, பன்னிரண்டு வருஷமாகப் பண்ணை நிலத்தை நாம்தான் உழுகிறோம் என்று சொல். பண்ணை ஏஜெண்டு முறைத்தால் நீயும் முறை. மூன்று ஜில்லா நடுங்கும்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. தனியாகத் தின்றால் சோறு இறங்கவில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். குத்தகையை யார் பெயரில் பதிய வேண்டும் என்று கேட்டால், உன் பெயரையே சொல்.

கோவிந்தராசு