பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை

கொல்லம் ஆண்டு 1109 ஐப்பசி 4, வெள்ளி

மதியம் முதல் மழை. விறகெல்லாம் நனைந்துவிட்டது. நாத்தனார் ஞானம்மா புதுக்கடை ஊரிலிருந்து வந்துவிட்டாள், ஒத்தாசைக்கு.

வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு மாதம். வலக்கை எழும்பவில்லை. பேச்சும் போயிற்று. காது, புத்தி இரண்டும் சரி. தண்ணீர் வேண்டுமென்றால் பானையைக் காட்டுகிறார், சொல் வரவில்லை. மார்த்தாண்டம் சந்தையில் கருப்பட்டி விற்ற வாய். பார்க்கச் சகிக்கவில்லை.

6, ஞாயிறு

மழை விட்டிருந்தது. ஆராதனை முடிந்து உபதேசியார் வீட்டுக்கு வந்தார். பரமண்டல செபம் தொடங்கியதும் இவரும் கூடவே சொன்னார். ஆமென் வரை ஒரு சொல் குறையாமல். அழுதுவிட்டேன்.

பிறகு, "கஞ்சி தரட்டா?" என்றேன். பழையபடி வாய் கோணியது, அவ்வளவுதான். செபத்துக்குள் ஆகாரம் என்ற சொல் வருகிறது. அதையே தனியாகச் சொல்லச் சொன்னால் வரவில்லை. இது என்ன கணக்கோ.

8, செவ்வாய்

புளி தீர்ந்தது. மாடு கறவை குறைவு.

வருகிறவை: செபம். ஞானப்பாட்டு, ராகத்தோடு மட்டும். ஒன்று முதல் பத்து, வரிசையாக. மாட்டைத் திட்டும் ஒரு கெட்ட வார்த்தை.

வராதவை: தண்ணீர், சோறு, வலி. வெளியூரில் இருக்கும் மகன் பெயர். என்னை விளிக்கும் "ஏட்டி". கல்யாணமான நாள் முதல் அதுதான் எனக்குப் பெயர்.

ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரும் சொற்கள் பிழைத்துக்கொண்டன. கோபத்தில் தானாக வருவதும் பிழைத்தது. தேடி எடுக்கவேண்டியவைதான் போயின. மாட்டைவிட நான் கேவலமா என்றும் தோன்றியது.

9, புதன்

வில்வண்டியில் ஆஸ்பத்திரி. சீட்டு எழுதும் இடத்தில் இவர் பெயரைக் கேட்டார்கள். வண்டிக்காரன் சொன்னான்.

டாக்டர் சீமைக்காரர். கம்பவுண்டர் தமிழில் எடுத்துச் சொன்னார்: சின்ன வயதில் பதிந்தது லேசில் அழியாது. அதிலும் சொந்தப் பெயர். தினமும் காதருகே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இன்னும் ஒரு மாதத்தில் ஒன்றும் வராவிட்டால் பிறகு கஷ்டம்.

நானும் ஞானம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பும் வழியில் வண்டிக்காரனைக் கேட்டேன். "மொதலாளிய நான் பேரு சொல்லி விளிக்கவா? நல்லா இருக்கே," என்றான்.

11, வெள்ளி

இடி. தென்னையில் ஒரு மட்டை விழுந்தது.

பெயர் சொல்ல ஆள் தேடுகிறோம். உபதேசியாருக்கு இவர் "சகோதரர்". சந்தைக் கூட்டாளி செல்லையா அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து "மக்கா, மக்கா" என்று உருகினார். பெயரைச் சொல்லுங்கள் என்றால், "எப்பமும் மக்கான்னுதானே விளிச்சிருக்கேன், பேரு வாயில வரமாட்டேங்கு," என்கிறார். பெயர் சொல்லி அழைத்த மாமியார் கல்லறைத் தோட்டத்தில்.

"மைனி, நீங்களே சொல்லுங்க," என்றாள் ஞானம்மா.

"நீ சொல்லேன்."

"அண்ணனுக்க பேர நான் எப்பிடிச் சொல்ல?"

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பாள் அம்மா. ஞானஸ்நானம் பெற்ற குடும்பம், இதெல்லாம் நம்பக்கூடாது. இருந்தாலும் பயமாக இருக்கிறது. இருக்கிற உயிரையும் நானே போக்கிவிட்டால்?

13, ஞாயிறு

தூறல். ஞானம்மா வேதக்கோயிலுக்கு ஆராதனைக்குப் போனாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

கதவைச் சாத்தினேன். கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்று காதருகே குனிந்து சொன்னேன். இங்கே எழுதமாட்டேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை பெயர் வந்தது.

கண்ணைத் திறந்தார். முறைத்தார். முகம் சிவந்தது. உயிர் போகிறதோ என்று பதறினேன்.

"ஏட்டி," என்றார். "பேரையா சொல்லுத?"

இன்னொரு தடவை சொன்னேன்.