லெப்ட் பேக் என்று எழுதிய கை

ஷில்லாங்
9-12-2024

கயிறு பிடிக்கும் மச்சானுக்கு,

கிளைட்டன் எழுதுவது. நான் சுகம். நீங்களும் ஏஞ்சலின் அக்காவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அக்கா ஃபோனுக்குச் செய்தி அனுப்பலாம்தான். ஆனால் அவள் அதைத் தெரு முழுக்க வாசித்துக் காட்டிவிடுவாள். உங்களுக்கோ ஃபோனில் பேசினால் காது கேட்காது. அதனால் நீங்கள் வேலை செய்யும், சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கி விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். நீங்கள் மட்டும் வாசியுங்கள்.

எங்கள் கிளப்புக்குப் புதுக் கோச் வந்திருக்கிறார். வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, இனி நீ லெப்ட் விங் இல்லை, லெப்ட் பேக் என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முன்னால் நிற்கும்போது நான் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பந்தை வாங்குகிறேன். ஆறடி ஆள் பின்னாலிருந்து ஒரு இடி இடித்தால் பந்தோடு சேர்ந்து நானும் கோட்டுக்கு வெளியே கிடக்கிறேன். பின்னாலிருந்து கிளம்பினால் மைதானம் முழுக்க என் கண்முன் இருக்கும், என் ஓட்டத்துக்கு வழி கிடைக்கும் என்கிறார். ஆனால் பேக் என்றால் தடுக்க வேண்டும் மச்சான். உயரத்தில் வரும் பந்தைத் தலையால் அடித்து வெளியேற்ற வேண்டும். ஐந்தடி மூன்றங்குலத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் அடிப்பேன்?

இன்னொரு விஷயம். அவர் என் ஃபைலைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். நான் கேரளாவில் போட்டிக்குப் போயிருந்தபோது, ஊரிலிருந்து நிரப்பி அனுப்பிய விண்ணப்பம். 'வேறு எந்த இடத்தில் ஆடுவார்' என்ற கட்டத்தில், நம் கோயில் பங்கு அணிக்கு மூன்று வருஷம் லெப்ட் பேக் ஆடியிருக்கிறான் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. கையெழுத்து இல்லை, அணியின் முத்திரை மட்டும் இருக்கிறது. நான் ஒருநாள்கூட பேக் ஆடியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். யார் எழுதியது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
கிளைட்டன்


தூத்துக்குடி
20-12-2024

அன்புள்ள மாப்பிள்ளை கிளைட்டனுக்கு,

ரோச் எழுதுவது. மாதா கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் அக்கா கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து உருட்டிக்கொண்டிருக்கிறாள். உனக்குப் பார்சல் அனுப்ப வேண்டுமாம். மலைக்குப் போய்ச் சேருவதற்குள் கல்லாகிவிடும் என்றேன், அதற்கு என்னை ஒரு முறை முறைத்தாள். மழைக்குப் பிறகு கடல் கலங்கியே கிடப்பதால் சங்குக்கு இன்னும் ஆள் இறங்கவில்லை.

இடம் மாற்றினால் என்ன வலி என்று எனக்கா தெரியாது? காது இரண்டும் போன பிறகு என்னைத் தண்ணீருக்குள் விடாமல் படகிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். முதல் மாதம் முழுக்கச் சங்கு குளிக்கிறவன் மேலெல்லாம் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

நம் ஆட்கள் சங்குக்கு இறங்கும்போது பெண்டாட்டியின் தம்பி கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள். அக்கா தாலி அறுந்துவிடுமே என்று அவன் கை நழுவவிட மாட்டான். மூன்று வருஷம் என் கயிறு உன் கையில் இருந்தது. மேலே தூக்கு என்று நான் கயிற்றை அசைக்கும் முன்பே இழுத்துவிடுவாய். கைக்கெட்டும் தூரத்தில் சங்கை வைத்துவிட்டு மேலே வந்து உன்னை எத்தனை நாள் ஏசியிருப்பேன். இப்போது நீ இறங்கியிருக்கிறாய், நான் பிடிக்கிறேன். தைரியமாக ஆடு.

அந்தத் தாளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய தாள், எவன் எழுதினால் என்ன? கோச்சிடம் நீயே எடுத்துச் சொல். குளிருக்குத் தலையில் துணி கட்டிக்கொள்.

அன்புடன்,
ரோச்


ஷில்லாங்
14-1-2025

கயிறு பிடிக்கும் மச்சானுக்கு,

முந்திரிக்கொத்து வந்தது. கல்லாகத்தான் இருந்தது, ஆனாலும் அறையில் இருந்த நான்கு பேரும் ஒன்று விடாமல் தின்றோம். அக்காவிடம் பஞ்சு மாதிரி இருந்தது என்று சொல்லுங்கள்.

சனிக்கிழமை பேக்கில் இறங்கினேன். அந்த அணிக்காரர்கள் பதினைந்து நிமிஷத்தில் என்னைக் கண்டுகொண்டார்கள். பிறகு ஓரத்திலிருந்து தூக்கிப் போடும் கிராஸ் எல்லாம் என் பக்கம்தான். ஒரு நெட்டையன் என் தோளில் கையை ஊன்றி எழும்பித் தலையால் அடித்துக் கோல் போட்டான். இரண்டாவதும் அப்படியே. நான் குதித்தேன் மச்சான், என்னால் ஆனமட்டும் குதித்தேன். பந்து என் முடியில்கூடப் படவில்லை.

நீங்கள் சொன்னபடி கோச்சிடம் போனேன். நான் பேக் ஆடியதே இல்லை, தாளில் இருப்பது தப்பு என்றேன். அவர் கோபப்படவில்லை. எழுதியவர் யாரோ அவரே, தப்பாக எழுதிவிட்டேன் என்று இரண்டு வரி எழுதித் தரட்டும், உன்னை மறுபடி விங்கில் பார்க்கிறேன் என்றார். நான் சொல்வதை மட்டும் வைத்து மாற்ற மாட்டாராம். கஷ்டமாக இருக்கிறது என்று இடம் மாறப் பொய் சொல்கிறேனோ என்று அவருக்குச் சந்தேகம்.

அதனால் மறுபடி கேட்கிறேன். யார் எழுதியது மச்சான்? அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இரண்டு வரி போதும். ஏப்ரல் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, பேக்கில் நின்றால் என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
கிளைட்டன்


தூத்துக்குடி
2-2-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். தண்ணீர் தெளிந்துவிட்டது, விடிவதற்குள் படகு கிளம்பிவிடுகிறது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜோன்ஸ் டீக்கடையில் பெரிய டிவியில் உன் ஆட்டத்தைப் போட்டார்கள். பூசை முடிந்து அறுபது பேர் கூடிவிட்டோம். பழக்க தோஷத்தில் எல்லோரும் முன்னால் லெப்ட் விங்கையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், அங்கே வேறு எவனோ ஓடுகிறான். ஜோன்ஸ் என் பக்கம் திரும்பி, "ஏலே ரோச்சு, நம்ம பய எங்கலே?" என்று கேட்டது வாய் அசைவிலேயே தெரிந்தது. நான் பின்பக்கம் கையைக் காட்டினேன். அவன் டீ ஆற்றப் போய்விட்டான். நாம் பங்கு அணியில் பேக்குக்கு எப்படிப்பட்ட ஆட்களை நிறுத்துவோம் என்று உனக்கே தெரியும். தோணியில் மூட்டை தூக்குகிறவர்களைத்தான்.

அந்தத் தாள் விஷயமாக யோசித்துப் பார்த்தேன். நம் பள்ளிக்கூடத்து நேசக்குமார் சார் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். இங்கிலீஷ் எழுதக்கூடியவர் அவர்தானே. அவர் சாயர்புரத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். போன இடத்தில் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று படுகிறது.

நன்றாகச் சாப்பிடு. கயிற்றில் தொங்கினால் உயரம் கூடும் என்று உன் அக்கா எழுதச் சொன்னாள். இருபத்து மூன்று வயதில் கூடுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
ரோச்


ஷில்லாங்
9-3-2025

கயிறு பிடிக்கும் மச்சானுக்கு,

சுகம். ஒரு நல்ல செய்தி சொல்லிவிடுகிறேன். போன வாரம் நம் கோல் பக்கத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒருவனும் எட்டவில்லை, எதிர் கோல் வரைக்கும் போய் நான் கொடுத்த பந்தில் கோல் விழுந்தது. ஓடும்போது கோச் சொன்னது சரிதானோ என்றுகூடத் தோன்றியது. முழு மைதானமும் எனக்காகத் திறந்து கிடந்தது. கடைசி நிமிஷத்தில் ஒரு கிராஸ் வந்தது, எனக்குப் பின்னால் ஒருவன் எழும்பினான், ஆட்டம் சமமாகிவிட்டது. அறைக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை அக்காவிடம் சொல்லாதீர்கள்.

நேசக்குமார் சார் நம்பர் என்னிடம் இருக்கிறது. அவருக்கு ஃபோன் பண்ணவா? நீங்கள் வேண்டாம் என்றால் பண்ண மாட்டேன். அவர் இல்லையென்றால் வேறு யாராவது உங்கள் நினைவுக்கு வருகிறார்களா? கொஞ்சம் நன்றாக யோசித்துப் பாருங்கள் மச்சான். இனி நான் இதைக் கேட்க மாட்டேன்.

கோச்சிடம் அந்த இரண்டு வரியைக் கொடுக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை,
கிளைட்டன்


தூத்துக்குடி
27-4-2025

அன்புள்ள மாப்பிள்ளை கிளைட்டனுக்கு,

உன்னை விடுவித்துவிட்டார்கள் என்று கிளப் போட்ட செய்தியை ஏஞ்சலின் ஃபோனில் காட்டினாள். அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரிய வியாழனன்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சாமியார் என்ன பரிகாரம் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைவைப் பார்க்கலாமென்றால் நடுவில் திரை. மறுபடி கேட்க வெட்கப்பட்டு எழுந்து வந்துவிட்டேன். அதனால் மன்னிப்புக் கிடைத்ததா இல்லையா என்றே தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

அந்தத் தாளை எழுதியது நான்தான். உயரம் என்ற கட்டத்தில் ஐந்தடி மூன்று என்று எழுதியதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த உயரத்துக்கு எவன் எடுப்பான்? அடுத்த கட்டம் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு இடத்தில் ஆடுவான் என்றால் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நீ இடது காலால் ஆடுகிறவன், அதனால் லெப்ட் என்று எழுதினேன். பேக் என்பது ஒரு பேச்சுக்கு எழுதியது. வேறு எதையாவது எழுதியிருக்கலாம்.

நீ இரண்டு வரி கேட்டபோது எழுதித் தராததற்கும் காரணம் சொல்கிறேன். பொய் சொல்லிச் சேர்த்த ஆள் என்று உன்னை அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். அது பாதிதான். மீதி, ஒவ்வொரு கடிதத்திலும் நீ என்னைக் கயிறு பிடிக்கும் மச்சான் என்று கூப்பிட்டிருந்தாய். காது போய், கடலுக்குள் இறங்குவதும் போய், எனக்கு மிஞ்சியிருந்தது அந்தப் பெயர்தான். அதை விட மனம் வரவில்லை. நேசக்குமார் சார் மேல் பழி போட்டதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

உள்ளே கோச்சுக்கும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். இப்போதாவது அவரிடம் கொடுத்துப் பார். என்னை என்ன வேண்டுமானாலும் ஏசு, ஆனால் பதில் எழுது.

ரோச்


ஷில்லாங்
11-5-2025

ரோச் அண்ணாச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. கோச்சுக்கு எழுதியதை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவரையும் போன வாரம் அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தாளை அவர் காட்டிய அன்றே எழுதியது நீங்கள் என்று எனக்குத் தெரியும். பேக் என்ற இங்கிலீஷ் சொல்லின் கடைசி எழுத்துக்குத் தூண்டில் முள் மாதிரி ஒரு வால் இழுப்பீர்கள். நீங்கள் எழுதிவந்த நம் அணியின் ஸ்கோர் நோட்டில் பத்து வருஷமாக நான் பார்த்த எழுத்து அது. உங்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் கோச்சிடம் யாரென்று தெரியாது என்று சொன்னேன். நீங்களே சொல்வீர்கள் என்று இருந்தேன்.

எழுதியதற்காக எனக்கு வருத்தமில்லை. அதை எழுதாமலிருந்தால் என்னை எடுத்தே இருக்க மாட்டார்கள். என் உயரத்துக்கு நீங்கள் என்ன செய்வீர்கள், நான்தான் என்ன செய்வேன்? விங்கில் விட்டிருந்தாலும் ஏப்ரலில் என்னை அனுப்பியிருக்கலாம், அது யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்று தடவை கேட்டேன். மூன்று வருஷம் உங்கள் கயிற்றைப் பிடித்திருக்கிறேன். ஒருநாளும் உங்களை இரண்டாவது தடவை அசைக்க விட்டதில்லை.

மலப்புரத்தில் ஒரு சின்ன கிளப் கூப்பிட்டிருக்கிறது. இந்தத் தடவை விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். ஆடும் இடம் என்ற கட்டத்தில் லெப்ட் பேக் என்று எழுதினேன். அவர்களுக்கு வேண்டியது அதுதான். வேறு இடம் என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டேன்.

கடைசியில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. பழைய தாளில் அங்கே உங்கள் பெயரை எழுதியிருந்தீர்கள். இதில் அக்கா பெயரைப் போட்டிருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்டால், உங்களுக்கு ஃபோனில் காது கேட்காது, அதனால்தான் என்று சொல்லிவிடுங்கள்.

கிளைட்டன்